ஆடி மாதத்து வக்கா முட்டை

வடசேரிச் சந்தையில் நானே வாங்கிய வாத்து முட்டைகளை, சத்தியப் பிரமாணம் செய்துவிட்டு, வக்காக் கொக்கின் முட்டைகள் என்று கோர்ட்டில் சொன்னேன். அந்தச் சொல்லால் ஒரு மனிதன், தான் செய்யாத குற்றத்துக்கு ஜெயிலுக்குப் போனான். அவன் அதைச் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு யாரும் என்னை நல்லவன் என்று எண்ணிவிடக் கூடாது.

சென்ற மாதம் காட்டு இலாகாவிலிருந்து இரண்டு இளைஞர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். பறவைகளைக் காக்கப் புதுச் சட்டம் வந்திருக்கிறதாம். பாறையடிக் குளத்தின் கரையில் பலகை நட்டு விழா எடுக்கப் போகிறார்களாம். “இந்தப் பக்கத்தில் பறவைக்காக முதல் கேஸ் போட்டவர் நீங்கள்தானாமே சார்? உங்களுக்குத்தான் சால்வை” என்றார் ஒருவர். முழங்காலைக் காட்டி, வர இயலாது என்றேன். “அப்படியானால் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள், விழா மலரில் போடுகிறோம்” என்றார் மற்றவர். எழுதித் தருகிறேன். போடுகிறார்களா என்று பார்ப்போம்.

மலையாள வருஷம் ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதில், அதாவது 1924-இல், வந்த வெள்ளம் வடிந்த மறுவருஷம் நான் வேலையில் சேர்ந்தேன். அப்பா சபை உபதேசியார். மிஷன் பள்ளியிலும் பிறகு திருவனந்தபுரத்திலும் என்னைப் படிக்கவைத்தார். மில்டனை ஒப்பிக்கத் தெரிந்தவனைப் பாரஸ்டராக்கினால் காடு செழிக்கும் என்று சமஸ்தான அரசாங்கம் நினைத்திருக்க வேண்டும். பயிற்சிக் காலத்தில் தேக்கை அளக்கவும், சந்தனத்தை நிறுக்கவும், மேலதிகாரி வரும்போது எந்தப் பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும் என்றும் கற்றுக்கொடுத்தார்கள். மிருகங்களைப் பற்றிக் கற்பித்தது ஒன்றே ஒன்று: செத்த யானையின் தந்தம் யாருக்குச் சேரும் என்பது.

வேட்டை விதிகள் என்று ஒரு சிறு புத்தகம் இருந்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிவது எனக்குப் பெருமை. வருஷத்தை அது இரண்டாகப் பிரித்தது. ஒன்று திறந்த காலம். லைசென்ஸ் உள்ளவன் சுடலாம். மற்றது அடைத்த காலம். பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலமாதலால் யாரும் தொடக் கூடாது. நல்ல ஏற்பாடுதான். அடைத்த காலம் என்று அது குறித்திருந்தது ஆனி முதல் புரட்டாசி வரை.

இங்கேதான் அந்தப் புத்தகத்தின் அழகு. அதை எழுதியவர்கள் வடக்கே, தென்மேற்குப் பருவமழை கூரையைப் பிய்க்கும் ஊர்களில் இருந்தவர்கள். அங்கே ஆனி ஆடியில்தான் ஆறும் குளமும் நிறையும், கொக்கும் நாரையும் கூடு கட்டும். தோவாளைப் பக்கத்துக் குளங்களோ ஐப்பசி கார்த்திகை மழைக்கு நிறைபவை. எங்கள் பறவைகள் தையில் சுள்ளி பொறுக்கும், மாசியில் அடைகாக்கும், பங்குனியில் குஞ்சுக்கு இரை ஊட்டும். இது எனக்குத் தெரியும், காவல் சுற்றும் கார்டுக்குத் தெரியும், ரேஞ்சரின் சமையற்காரனுக்குத் தெரியும். விதிப்புத்தகத்துக்கு மட்டும் தெரியாது. ஆகவே எங்கள் ஊரில் சட்டப்படி கூட்டில் இருக்கும் பறவையைச் சுடலாம். கூடு இல்லாத பறவையைத் தொட்டால் தண்டனை.

என் ரேஞ்சர் பெயர் குஞ்சுராமன் பிள்ளை. அவர் மலையாளி என்பதால் இப்படி எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவருக்குப் பின் வந்த நாஞ்சில் நாட்டுக்காரரைப் பார்த்தபிறகு இவரை எண்ணி நான் பெருமூச்சு விட்டதுண்டு. குஞ்சுராமன் பிள்ளை காட்டைப் பங்களா வராந்தாவிலிருந்து பார்ப்பவர். பூட்ஸை ஒரு சேவகன் தினமும் தேய்ப்பான்; அதில் சேறு ஒட்டி ஒரே ஒரு நாள்தான் நான் பார்த்தேன். அந்த நாளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். வாயில் ஏலக்காய் இருக்கும். எந்தக் காகிதத்தை நீட்டினாலும் பேனாவை அதன்மேல் அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, “இதினு வகுப்பு உண்டோ?” என்று கேட்பார். சட்டத்தில் வகுப்பு உண்டு என்றால் கையெழுத்து விழும். காகிதத்தில் சொல்லியிருப்பது நடந்ததா என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஒருமுறை நான் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, “எடோ ஞானசிகாமணி, காட்டிலுள்ளது காட்டில் கெடக்கட்டே. கடலாசிலுள்ளது மதி நமக்கு. மனசிலாயோ?” என்றார். எனக்கு நன்றாக மனசிலாயிற்று: காகிதத்தில் இருப்பது போதும். என் படிப்பு முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ளத்தான் உதவியது.

பாறையடிக் குளம் மலையடிவாரத்தில், எங்கள் எல்லைக்குள் இருந்தது. குளத்துக்குள்ளேயே உடைமரங்கள் கூட்டமாக நின்றன. நத்தைகொத்தி நாரை, நீர்க்காகம், வக்கா எல்லாம் அவற்றில்தான் கூடு கட்டும். வக்கா என்பது பகலெல்லாம் கிளையில் தூங்கி வழிந்துவிட்டு, அந்தியில் கரகரத்த குரலில் கத்திக்கொண்டு வயலுக்கு இறங்கும் சாம்பல் நிறக் கொக்கு. பறவை எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்தால் உரம் வேண்டாம் என்பது ஊர்க்காரர்களின் கணக்கு. அதனால் அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. பங்குனிக் கடைசியில் அங்கே அம்மனுக்குக் கொடை விழா வரும். உச்சிக் கொடைக்குக் கதினா வெடிப்பார்கள். கதினா என்றால் இரும்புக் குழலில் மருந்தைக் கிட்டித்துத் திரி வைப்பது. வெடித்தால் வீட்டுக் கதவுகள் அதிரும். கோயில் இருப்பது குளக்கரையில். ஆனால் கதினாவைக் கோயில் முன்னால் வைக்கமாட்டார்கள். ஊருக்குத் தெற்கே உள்ள பாறைக்குன்றைச் சுற்றிச் சுமந்துபோய், அதன் பின்னால் வைத்து வெடிப்பார்கள். சத்தத்தைப் பாறை வாங்கிக்கொள்ளும். குஞ்சுகள் கூட்டிலிருந்து விழாது. வெடிச் சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்று அம்மன் கோபித்ததாகத் தெரியவில்லை.

அந்தக் கதினாவைச் சுமக்கிறவன் செல்லையன். நெடுநெடுவென்று வளர்ந்த, வாய் அடங்காத கூலிக்காரன். அவன் சாமியாரும் அல்ல, பறவைப் பித்தனும் அல்ல. ஆடியில் கூடு இல்லாதபோது வக்காவைக் கண்ணி வைத்துப் பிடித்துத் தின்பான். மாசியில் தொடமாட்டான். ஊரே அப்படித்தான்.

ஒரு மாசி மாதக் கடைசியில் ரேஞ்சர் என்னைக் கூப்பிட்டு, விருந்தாளிகள் வருகிறார்கள் என்றார். தலைநகரில் பெரிய உத்தியோகத்தில் இருந்த ஒருவரின் மைத்துனர், மலையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர், அவர்களுடைய சிநேகிதர்கள். எல்லாரிடமும் லைசென்ஸ் இருந்தது. அது திறந்த காலம். மணக்குடியிலிருந்து ஒரு வள்ளத்தை மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து குளத்தில் இறக்கினோம். கூடையில் ஆரஞ்சுப் பழமும் சோடாப் புட்டிகளும் வந்தன.

வள்ளம் உடைமரங்களை நெருங்கும்போது செல்லையன் தண்ணீரில் இறங்கி நடந்து வந்தான். நெஞ்சளவு தண்ணீரில் நின்று வள்ளத்தின் முனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“ஏமானே, கூட்டுல குஞ்சு கெடக்கு. எல்லாக் கூட்டுலயும் கெடக்கு. ரெண்டு மாசம் கழிஞ்சு வாங்கோ. நானே வள்ளம் தள்ளித் தாறேன்.”

“இவன் என்ன சொல்கிறான்?” என்று வெள்ளைக்காரர் என்னிடம் இங்கிலீஷில் கேட்டார்.

“பறவை நிறைய இருக்கிறது என்கிறான்” என்று மொழிபெயர்த்தேன்.

கரையிலிருந்து ரேஞ்சர் கத்தினார்: “எடோ ஞானசிகாமணி, இது தொறந்த காலமோ அடச்ச காலமோ?”

“திறந்த காலம், சார்.”

“அது அவனோடு பறயெடோ!”

நான் செல்லையனிடம், “சட்டப்படி இது வேட்டைக்குத் திறந்த காலம். தடுத்தால் உன் மேல்தான் கேஸ் வரும். கையை எடு” என்றேன்.

அவன் மரங்களை ஏறிட்டுப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். “சட்டத்துக்குக் கழுத்து நிமிராதா ஏமானே? அண்ணாந்து பாத்தாத் தெரியுமே” என்றான்.

என்னோடு வள்ளத்தில் இருந்த கார்டு மைதீன் பிச்சை கோட்டாற்றுக்காரர். சிரித்துச் சிரித்தே வேலையை ஓட்டுகிறவர். அவர் குனிந்து மெதுவாகச் சொன்னார்: “விட்டுரு மக்கா. துப்பாக்கிக்குப் பறவையும் மனுசனும் ஒண்ணுதாம்ல.”

செல்லையன் விட்டான். ஆனால் சட்டென்று விட்டான். வள்ளம் குலுங்கியது, மைத்துனரின் தொப்பி தண்ணீரில் விழுந்து கரைப்பக்கமாக மிதந்தது. அவரோடு வந்தவர்களே சிரித்துவிட்டார்கள். தொப்பியை எடுக்க ஆள் வரும்வரை பொறுக்க முடியாமல் ரேஞ்சரே இறங்கினார். கணுக்காலுக்கு மேல் சேற்றில் புதைந்து, ஒரு கையில் தொப்பியும் மறுகையால் ஒரு சேவகனின் தோளையும் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார். பூட்ஸில் சேறு பார்த்தேன் என்றேனே, அது அன்றுதான். கரையில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பிறகு சுட்டார்கள். அதை விவரிக்க எனக்கு விருப்பமில்லை. கூட்டில் இருக்கும் பறவை எழுந்து ஓடாது. அதைச் சுடுவதற்குத் திறமையும் வேண்டாம். தாய் விழுந்த கூடுகளில் குஞ்சுகள் எட்டிப் பார்த்து, நிலைதவறித் தண்ணீரில் விழுந்தன. செத்ததில் பாதியை விருந்தாளிகள் எடுக்கவே இல்லை. ஆரஞ்சுத் தோல்களும் சிறகுகளும் சேர்ந்து மிதந்தன. சட்டம் ஒரு எழுத்துக்கூட மீறப்படவில்லை. அன்று வேட்டைப் பாஸில் ‘விதிகள் கண்டிப்பாக அனுசரிக்கப்பட்டன’ என்று எழுதியவன் நான்.

ஆடி வந்தது. குளம் பாதி வற்றிக் கிடந்தது. உடைமரங்களில் ஒரு கூடும் இல்லை. பழைய சுள்ளிகள்கூடக் காற்றில் உதிர்ந்துவிட்டிருந்தன. காலையில் நானும் மைதீன் பிச்சையும் கரைவழியே போனபோது செல்லையன் குத்தவைத்து ஒரு வக்காவுக்கு இறகு பிய்த்துக்கொண்டிருந்தான். எழுந்து ஓடவில்லை. கண்ணிக் கயிறு பக்கத்திலேயே கிடந்தது.

“வாங்கோ ஏமானே. வீட்டுக்காரிக்கு இழுப்பு. வைத்தியரு வக்கா ரசம் வச்சுக் குடுக்கச் சொன்னாவ.”

“இது அடைத்த காலம், தெரியுமா?” என்றேன்.

“அடைக்க என்ன இருக்கு? மரத்தப் பாருங்கோ” என்று சிரித்தான். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

அன்று மாலை இதை ரேஞ்சரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். பேச்சுவாக்கில் என்று எழுதுவது பொய். அவர் முகம் மலரும் என்று தெரிந்தே சொன்னேன். மலர்ந்தது.

“ஆர்? ஆ தொப்பி வீழ்த்தியவனோ?” என்று நாற்காலியில் நிமிர்ந்தார்.

அடைத்த காலத்தில் ஒரு பறவையைப் பிடித்தால் அபராதத்தோடு போய்விடும். கூட்டில் அடைகாக்கும் பறவையை முட்டையோடு பிடித்தால்தான் ஜெயில். ரேஞ்சருக்கு ஜெயில் வேண்டியிருந்தது.

“கூட்டில்நின்னு பிடிச்சு என்று எழுது.”

“கூடே இல்லை, சார். இந்தப் பக்கம் ஆடியில் கூடு கட்டாது.”

அவர் ஏலக்காயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். “விதியில் கர்க்கடகம் கூடு கூட்டும் காலமோ?” என்றார். ஆடிக்கு மலையாளத்தில் அதுதான் பெயர்.

“ஆமாம்.”

“காலம் உண்டெங்கில் கூடும் உண்டு. கூடு உண்டெங்கில் முட்டையும் உண்டு. நீ பி.ஏ. அல்லே?”

இந்தத் தர்க்கத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று நான் காட்டவில்லை. டிப்டி ரேஞ்சர் வேலை ஒன்று காலியாக இருந்தது.

கேஸ் தயாரித்த முறையையும் எழுதிவிடுகிறேன். இளைஞர்கள் கேட்ட அனுபவம் இதுதானே. மறுநாள் வடசேரிச் சந்தைக்குப் போய் வாத்து முட்டைகள் வாங்கினேன். வக்கா முட்டை வாத்து முட்டையைவிடச் சிறியது என்று படித்திருந்ததால், கூடையைக் கிளறிச் சிறியதாகவும் ஓடு பச்சை தட்டியதாகவும் பார்த்து எடுத்தேன். கடைக்காரி, “பெருசா எடும் பிள்ளே, வெலை ஒண்ணுதான்” என்றாள். ஆபீஸ் முற்றத்து மாமரத்தில் காக்கை விட்டுப்போன கூடு ஒன்று இருந்தது. அதை இறக்கி, முட்டைகளை வைத்து, வைக்கோல் சுற்றி, ஓலைப்பெட்டியில் அடக்கினேன். மகசர் என்பது குற்றம் நடந்த இடத்தில் சாட்சிகள் முன்னால் எழுத வேண்டியது. நாங்கள் பங்களா வராந்தாவில் எழுதினோம். சாட்சிகள் இரண்டு பேர்: ரேஞ்சரின் சமையற்காரன், அவருடைய வில்வண்டி ஓட்டுகிறவன். பெட்டியின் கட்டுமேல் நான் அரக்கை உருக்கி முத்திரை வைத்தபோது மைதீன் பிச்சை அருகில் நின்றார்.

“சாரே, சூடு உள்ள போயிராமப் பாத்துக்கிடுங்கோ. அவிச்ச முட்டைய வக்கா இட்டுதுன்னா மாஜிஸ்திரேட்டு கூட நம்பமாட்டாவ.”

நான் சிரித்தேன். அவரும் மகசரில் கையெழுத்துப் போட்டார்.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் பெட்டியைத் திறக்கச் சொல்லி, கூட்டை மூக்குக்கண்ணாடி வழியாகவும், பிறகு அதைக் கழற்றியும் பார்த்தார். அவர் வாழ்நாளில் தட்டில்தான் முட்டையைப் பார்த்திருப்பார். செல்லையன் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தான். முதலில் அவனுக்கு விஷயம் பிடிபடவில்லை. பிடிபட்டதும் சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.

“ஏமானே, அது வாத்து முட்டை! எங்க ஊருல ஆடியில வக்கா முட்டை இட்டா, ஏமான் வீட்டுக் கோழி பால் கறக்கும்!”

கோர்ட்டே சிரித்தது. அந்தச் சிரிப்புதான் அவனுக்கு வினையாயிற்று. மாஜிஸ்திரேட் மேசையைத் தட்டினார். விதிப்புத்தகத்தை எடுத்து, பறவைகள் முட்டையிட்டு அடைகாக்கும் காலம் என்று அதில் இருந்த வரிகளை உரக்கப் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீர் படித்த மனிதர். பிரமாணம் செய்திருக்கிறீர். இவை வக்கா முட்டைகள்தானா?”

செல்லையன் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். நான் உண்மையைச் சொல்வேன் என்று அவன் எதிர்பார்த்தான் என்பதுதான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியாதது. வள்ளத்தில் நான் பேசியதைக் கேட்டபிறகும் எதிர்பார்த்தான்.

“ஆம்” என்றேன்.

ஆவணியில் உள்ளே போனவன் திருக்கார்த்திகைக்குத்தான் வெளியே வந்தான்.

தொண்டிப் பொருளை, அதாவது கோர்ட்டில் காட்டிய முட்டைகளை, அழித்துவிட உத்தரவாயிற்று. பங்களாச் சமையலறையில் மைதீன் பிச்சை அதை மிளகு போட்டுப் பொரித்து அழித்தார். “சாரே, வக்கா முட்டை தின்னா அப்படியே வாத்து முட்டை மாதிரில்லா இருக்கு!” என்றார். நானும் தின்றேன். டிப்டி ரேஞ்சர் வேலை கிடைத்தது. வடக்கே மாற்றினார்கள்.

வடக்கே ஓர் ஆற்றங்கரையில், ஒரு கர்க்கடக மழையில், மரம் நிறைய வக்காக்கள் அடைகாப்பதைக் கண்டேன். கீழே விழுந்து உடையாமல் கிடந்த ஒரு முட்டையைக் கையில் எடுத்தேன். வெளிறிய நீலப் பச்சை, உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. எந்த மாஜிஸ்திரேட்டும் இதைக் கண்டிருந்தால் நான் கொண்டுபோனதைத் தூக்கி என் முகத்தில் எறிந்திருப்பார். விதி பொய் சொல்லவில்லை. அது வேறொரு மழையைப் பற்றிப் பேசியது. அதை எங்கள் குளத்துக்குக் கொண்டுவந்து பொய்யாக்கியவன், இரண்டு மழையும் தெரிந்த நான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் மறுபடி தெற்கே வந்தேன். மாசியில் ஒருநாள் பாறையடிக்குப் போனேன். குளம் நிறைந்து கிடந்தது. உடைமரங்கள் கிளை வெட்டப்பட்டு மொட்டையாக நின்றன. ஒரு கூடு இல்லை, ஒரு நாரை இல்லை. கரையில், மரங்களைப் பார்த்தபடி, கதினாக் குழல்கள் நட்டு வைக்கப்பட்டிருந்தன. மைதீன் பிச்சை அப்போது வேலையிலிருந்து ஓய்ந்து கோட்டாற்றில் இருந்தார். அவரிடம் கேட்டேன்.

“தெரியாதா சாரே? அவன் ஜெயிலுக்குப் போன வருசமே ஊரு கூடிப் பேசியாச்சு. பறவை வந்தாப் பாரஸ்டர் வாறான், பாரஸ்டர் வந்தா ஜெயிலு. பறவையே வேண்டாம்னுட்டானுவ. தையில சுள்ளி தூக்கிட்டு வரும்போதே கரையில கதினா போட்டுருவான். வெடிக்கது யாருங்கியோ? செல்லையன்தான்.”

விதி அறியாத ஊர் எத்தனையோ தலைமுறையாகக் காத்ததை, விதி கையில் வந்த சில வருஷத்தில் நாங்கள் முடித்துவிட்டோம்.

பரிகாரம் தேடினேன். முதல் பரிகாரம் கோழையின் பரிகாரம்: என் பொய்யைப் பற்றி மூச்சுவிடாமல், இந்தப் பக்கத்துக் குளங்களுக்கு அடைத்த காலத்தைத் தை முதல் சித்திரை வரை மாற்ற வேண்டும் என்று மேலே எழுதினேன். நல்ல இங்கிலீஷ். பதில் வந்தது. விசாரித்ததில் மேற்படி குளத்தில் எந்தப் பறவையும் கூடு கட்டுவதாகத் தெரியவில்லை. ஆகவே திருத்தம் தேவையில்லை. அவர்கள் சொன்னதில் தவறே இல்லை.

பிறகு உண்மையையே எழுதிக் கொடுத்தேன்: முட்டை, காக்கைக் கூடு, வராந்தா மகசர், எல்லாவற்றையும். குஞ்சுராமன் பிள்ளை அதற்குள் பென்ஷன் வாங்கி, தம் ஊரில் கோயில் கமிட்டித் தலைவராக இருந்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்பீல் காலம் எப்போதோ முடிந்துவிட்டது என்றார்கள். அன்று சொன்னது பொய்யா இன்று எழுதியது பொய்யா என்று எப்படித் தெரியும் என்றும் கேட்டார்கள், நியாயமான கேள்வி. இலாகாவுக்கு இழுக்கு உண்டாக்கியதற்காக என்னை மறுபடி பாரஸ்டராக்கினார்கள். பொய்ச் சாட்சி சொன்னதற்காக அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும்.

இறங்கிய பதவியை மெடல் மாதிரி நெஞ்சில் குத்திக்கொண்டு செல்லையன் வீட்டுக்குப் போனேன். அவன் முற்றத்தில் பாய் முடைந்துகொண்டிருந்தான். அவன் மனைவி பொன்னம்மை கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், மூச்சு வாங்கியது. நடந்ததெல்லாம் சொன்னேன்.

“அதுனால எனக்கு என்ன ஏமானே?” என்றான் செல்லையன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “ஒங்க ஆபீசுல ஒங்களுக்கு நாற்காலி மாறிச்சு. எங்க ஊருல என்ன மாறிச்சு?”

“நான் என்ன செய்ய வேண்டும்?”

அவன் ஓலையைக் கீழே வைத்தான். “கோயில் முன்னால ஊரு கூடும். அங்க வந்து சொல்லுவியளா? பிராது குடுத்தது பறவை இல்ல, நாந்தான்னு. கதினாவக் கரையில கொண்டு வச்சது நாந்தான் ஏமானே. ஒங்க மேல இருந்த கோவத்த அதுக மேல காட்டிட்டேன். இப்போ எடுக்கச் சொன்னா ஊரு கேக்காது.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேரே அங்கே போனேன். வெயிலில் ஊர் முழுவதும் கூடியிருந்தது. நான் எழுந்து நின்றதுமே பின்னாலிருந்து ஒரு குரல்: “ஏலே, சாட்சி வந்திருக்காரு! பையில முட்டை இருக்கான்னு பாருங்கல!”

சிரிப்பு அடங்கச் சிறிது நேரமாயிற்று. சொன்னேன். பி.ஏ. படித்தவன், நாலு வாக்கியம் சேர்த்துச் சொல்ல முடியாமல் திணறினேன். செல்லையன் கூட்டிலிருந்து பறவையை எடுக்கவில்லை. முட்டை நான் சந்தையில் வாங்கியது. பறவைகள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. அவற்றை விரட்ட வேண்டாம். கடைசியில், இது சத்தியம் என்றேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து பொன்னம்மை எழுந்தாள். “இவிய உள்ள கெடந்தப்போ நான் மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டு நாத்து நட்டேன், கேட்டீரா? இன்னைக்குச் சொல்லுத சத்தியத்துக்கு எந்தச் சந்தையில முட்டை வாங்கினீரு?”

யாரும் சிரிக்கவில்லை. ஊர்த்தலைவர், “பாரஸ்டர் போலாம். நாங்க பேசிக்கிடுதோம்” என்றார். குடிக்கத் தண்ணீர் தருகிறோம் என்றுகூட யாரும் சொல்லவில்லை. சரிதான் என்று நடந்தேன்.

அந்தத் தையிலும் பறவைகள் வரவில்லை. மாசியில் போய்ப் பார்த்தேன். வெட்டிய கிளைகள் தளிர்த்திருந்தன, கூடு இல்லை. பங்குனியில் கொடை வந்தது. எனக்கு அழைப்பு இல்லை, எதிர்பார்க்கவும் இல்லை. உச்சிவேளையில் ஊருக்கு வெளியே ஓடைப் பாலத்தில் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து வடக்கே குளக்கரை தெரியும், தெற்கே பாறைக்குன்று தெரியும். வெயிலில் கரை வெறிச்சென்று கிடந்தது. முரசு வேகம் பிடித்தது. பெண்களின் குரவைச் சத்தம் எழுந்தது. இனிக் கதினாதான்.

நெடுநெடுவென்று ஒருவன் தோளில் இரும்புக் குழல்களைச் சுமந்துகொண்டு கோயிலிலிருந்து வெளியே வந்தான். கரைப்பக்கம் திரும்பவில்லை. வரப்புவழியே தெற்கு நோக்கி நடந்து, குன்றைச் சுற்றி மறைந்தான். வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, பாறைக்குப் பின்னால், அம்மனுக்கே கேட்டிருக்குமோ என்று சந்தேகப்படும்படி மெல்ல, கதினா வெடித்தது.

குளத்து மரங்களில் அந்தச் சத்தத்துக்கு எழுந்து பறக்க ஒரு பறவையும் இல்லை.